சூப்பர்வைசரை மேலாளராக வளர்க்க எந்த ஊர் வழி நமக்கு ஒத்துவரும்?

ஒரகடம், ஓசூர், கோவை என்று எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நானூறு ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. பிளான்ட் ஹெட் இன்னும் மூன்று நான்கு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறார். அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சூப்பர்வைசர்களும் எஞ்சினியர்களும் இருக்கிறார்கள். மெஷின் தெரியும், கஸ்டமரைத் தெரியும், ஆட்களை வைத்து டார்கெட் எடுக்கத் தெரியும். ஆனால் "இவரிடம் பிளான்ட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்" என்று முதலாளியால் ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை. பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. அதை எந்த வழியில் போடுவது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கொஞ்சம் சிக்கல். இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் 1998இல் கார் எடுக்க ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010இல் பிரெஞ்சு-ஜப்பான் கூட்டணியான ரெனோ-நிசான் வந்தது. 2012இல் ஜெர்மனியின் டைம்லர் லாரித் தொழிற்சாலை வந்தது. மறைமலை நகரில் அமெரிக்காவின் ஃபோர்டு 2022 வரை ஓடியது. ஒரே சப்ளையர் இவர்களில் இரண்டு மூன்று பேருக்குப் பொருள் கொடுத்திருப்பார். ஆடிட்டுக்கு வரும் ஒவ்வொருவர் மனதிலும் நல்ல மேலாளர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று ஒரு படம் இருக்கும். அது அவரவர் நாட்டுப் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் உருவான படம். பயிற்சி விற்க வரும் ஆலோசகர்களும் ஆளுக்கொரு நாட்டு முறையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

பல வருடமாக இந்தத் தொழிற்சாலைகளுக்குள் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி நடத்தி வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒருவர் மேலாளராக வளர்வது ஒரு சீனியரின் கையில்தான். வகுப்பறை, படிவம், தேர்வு எல்லாம் அதற்குப் பிறகு. எனவே பணத்தில் பெரும்பங்கு அந்தச் சீனியரை நல்ல ஆசிரியராக ஆக்குவதில் போக வேண்டும். எந்த நாட்டு முறை அதற்கு உதவுகிறது, எது இடைஞ்சல் செய்கிறது என்று பார்த்துத் தேர்வு செய்யலாம்.

பதில் யார் கையில் இருக்க வேண்டும்?

பிரான்ஸின் இன்சியாட் மேலாண்மைப் பள்ளியில் இருந்த ஆந்த்ரே லோரான் பல நாட்டு மேலாளர்களிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கீழே இருப்பவர்கள் வேலையைப் பற்றிக் கேட்கும் பெரும்பாலான கேள்விகளுக்குத் துல்லியமான பதிலை மேலாளர் கையில் வைத்திருப்பது முக்கியம் என்பதே அந்த வாக்கியம். 1983இலும் அதை ஒட்டியும் அவர் வெளியிட்ட முடிவுகளில் ஸ்வீடனில் 10 விழுக்காட்டினர் மட்டும் ஆமாம் என்றார்கள். அமெரிக்காவில் 18. ஜெர்மனியில் 46, பிரான்ஸில் 53. ஜப்பானில் 78.

நம் ஊர் லைனில் ஒரு வாரம் நின்று பார்த்தவர்களுக்கு நாம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. மெஷின் நின்றதும் ஆபரேட்டர் சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்பார், சூப்பர்வைசர் ஷிஃப்ட் இன்சார்ஜைப் பார்ப்பார். "எனக்கும் தெரியவில்லை, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்" என்று மேலே இருப்பவர் சொன்னால், "சாருக்கே தெரியலையாம்" என்று அன்று சாயங்காலத்துக்குள் கேன்டீன் முழுக்கப் பரவிவிடும். ஸ்வீடனில் மரியாதையைக் கூட்டும் அதே பேச்சு இங்கே மரியாதையைக் குறைக்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹேர்ட் ஹோஃப்ஸ்டெட் 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய தரவிலிருந்து எடுத்த மதிப்பெண்களும் இதே திசையைக் காட்டுகின்றன. அதிகாரம் சமமாக இல்லாததை எந்த அளவுக்கு மக்கள் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற அளவுகோலில் இந்தியா 77, பிரான்ஸ் 68, தென்கொரியா 60, ஜப்பான் 54, அமெரிக்கா 40, ஜெர்மனி 35. இதை வைத்துக்கொண்டு "இந்தியர்கள் இப்படித்தான்" என்று சொல்லும் பயிற்சியாளர்களை நான் ஏற்கமாட்டேன். அது ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த சராசரி. உங்கள் பிளான்ட்டில் இருக்கும் முருகனோ ஃபாத்திமாவோ அந்தச் சராசரி ஆக மாட்டார்கள். ராபர்ட் ஹவுஸ் தலைமையில் 62 சமூகங்களில் ஏறக்குறைய 17,000 இடைநிலை மேலாளர்களிடம் நடந்த குளோப் ஆய்வு, நேர்மையும் நியாயமும் நம்பகத்தன்மையும் எல்லா ஊரிலும் ஒரேபோல மதிக்கப்படுவதாகக் காட்டியது. தனித்து இயங்குவது, அந்தஸ்து பார்ப்பது போன்றவற்றில்தான் ஊருக்கு ஊர் கருத்து மாறியது. அதாவது எப்படிப்பட்ட மனிதர் வேண்டும் என்பதில் உலகம் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அந்த மனிதரை எப்படி உருவாக்குவது, யார் திருத்தினால் கேட்டுக்கொள்வார் என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது.

அமெரிக்க வழி

இதுதான் சந்தையில் அதிகம் விற்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நியூயார்க் மாநிலத்தில் கிராட்டன்வில்லில் 1956இல் தன் மேலாளர்களுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் திறந்தது. அதே வருடம் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் டக்ளஸ் பிரே, மேலாளர்களைப் பல நாள் பயிற்சிகளில் கவனித்து யார் உயர்வார் என்று கணிக்கும் ஆய்வைத் தொடங்கினார். இன்று நாம் அசெஸ்மென்ட் சென்டர் என்று சொல்வதன் வேர் அது. அப்புறம் மேலே, பக்கத்தில், கீழே இருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கு மதிப்பெண் போடும் 360 டிகிரி ஃபீட்பேக், தனிப்பட்ட கோச். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: தலைவர் என்பவர் தனி மனிதர், தன்னைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொண்டால் தானே மாறுவார், அந்த உண்மையைக் கீழே இருப்பவரும் சொல்லலாம்.

360 டிகிரி முறையை இந்தியாவில் ஐஐஎம் அகமதாபாத்தில் இருந்த டி.வி. ராவ் பரப்பினார். அவரும் உதய் பாரீக்கும் 1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோவுக்கு மனிதவள மேம்பாட்டு அமைப்பை வடிவமைத்தவர்கள். ஆக இந்த வழி நமக்குப் புதிதும் இல்லை, அந்நியமும் இல்லை. பெரிய நிறுவனங்களின் மேல்மட்டத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

நடுத்தரத் தொழிற்சாலையின் ஷாப் ஃப்ளோருக்கு இதைக் கொண்டுவரும்போது என்ன நடக்கிறது என்று ஒரு படிவத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒருவருக்கு ஒன்பது பேர் பெயர் சொல்லாமல் மதிப்பெண் போட்டார்கள். கீழே இருந்து வந்த ஐந்து படிவத்திலும் எல்லாக் கேள்விக்கும் நான்கு, ஐந்து. கருத்து எழுதும் இடத்தில் "சார் எல்லோரையும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்" என்று இரண்டு பேர் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். அதே மனிதரைப் பற்றி ரெஸ்ட் ரூம் வாசலில் கேட்டால், கோபம் வந்தால் ஆபரேட்டரை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டுவார் என்று எல்லோரும் சொல்வார்கள். பெயர் வராது என்று எச்.ஆர். எத்தனை முறை சொன்னாலும், ஐந்து பேர் உள்ள டீமில் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வருட அப்ரைசலோடு இது சேரும் என்ற சந்தேகம் வேறு. படிவத்தில் எந்தக் குறையும் இல்லை. மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் எழுத்தில் திருத்துவது நம் ஊரில் பழக்கமில்லாத காரியம், அவ்வளவுதான்.

இந்த வழியில் நிச்சயம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் உள்ள சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் 1980களில் அமெரிக்க நிறுவனங்களின் உயரதிகாரிகளிடம் "உங்களை மாற்றியது எது?" என்று கேட்டபோது, பெரும்பாலானவை வகுப்பறைக்கு வெளியே நடந்தவை: கைக்கு மீறிய வேலை, நொடிந்த பிரிவைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு, நல்ல அல்லது மோசமான ஒரு மேலதிகாரி. நூற்றுக்கு எழுபது வேலையிலிருந்து, இருபது மற்றவர்களிடமிருந்து, பத்து வகுப்பறையிலிருந்து என்று 70-20-10 என்ற பெயரில் பிறகு பரவிய விகிதம் அதிலிருந்து வந்தது. விகிதத்தைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கடினமான வேலையைக் கொடுத்தால்தான் ஆள் வளர்வார் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஜெர்மன் வழியும் பிரெஞ்சு வழியும்

ஜெர்மனியில் சூப்பர்வைசர் என்பவர் மைஸ்டர். மூன்று, மூன்றரை வருடம் தொழிற்சாலையிலும் தொழிற்பள்ளியிலும் சேர்ந்து பயிற்சி, பிறகு அனுபவம், பிறகு தொழில் வர்த்தகச் சபை நடத்தும் தேர்வு. அந்தத் தேர்வில் தொழில்நுட்பமும் சட்டமும் கணக்கும் மட்டுமின்றி, இளையவருக்குக் கற்றுக்கொடுக்கும் தகுதியும் தனியாகச் சோதிக்கப்படுகிறது. தேசியத் தகுதிச் சட்டகத்தில் மைஸ்டரும் இளநிலைப் பட்டமும் ஒரே ஆறாம் நிலையில் இருக்கின்றன. அங்கே தலைமை என்பது தொழில் ஞானத்திலிருந்து கிளம்புகிறது. நன்றாகச் செய்யத் தெரிந்தவர் மேலே போகிறார், மேலே போனவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனால் ஒரு தனிக் கம்பெனியால் இதைக் கொண்டுவர முடியாது. சபை, சட்டம், பள்ளி, மாணவனின் தகப்பனாருக்கு அந்தப் படிப்பின் மேல் உள்ள மரியாதை எல்லாம் சேர்ந்தால்தான் மைஸ்டர் உருவாகிறார். ஜெர்மனியின் உதவியோடு பெங்களூரில் 1971இல் ஃபோர்மேன் பயிற்சி நிலையம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது, நல்ல முயற்சி. ஆனாலும் நம் ஊரில் ஐடிஐ முடித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறார். பி.இ. படித்து நேற்று வந்த பையன் அவருக்கு மேல் போகிறான். இந்தத் தடையை உடைக்க மனமில்லாத முதலாளி ஜெர்மன் முறை என்று பெயர் வைத்துப் பயிற்சிக்கூடம் கட்டுவதில் பயனில்லை. உடைக்க மனமிருந்தால், கற்றுக்கொடுக்கும் தகுதியைப் பதவி உயர்வுக்கு நிபந்தனையாக வைப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

பிரெஞ்சு வழி இதற்கு நேர் எதிர். 1794இல் தொடங்கிய எக்கோல் பாலிடெக்னிக் போன்ற பள்ளிகளின் நுழைவுத் தேர்விலேயே தலைவர் யார் என்று முடிவாகிவிடுகிறது. ரெனோவை நடத்திய லூயி ஷ்வெய்ட்சர் உயர் நிர்வாகப் பள்ளியில் படித்தவர், அவருக்குப் பின் வந்த கார்லோஸ் கோன் பாலிடெக்னிக்கில் படித்தவர். பிரான்ஸே இப்போது இதைத் திரும்பிப் பார்க்கிறது. 1945இல் தொடங்கிய அந்த உயர் நிர்வாகப் பள்ளியை எடுத்துவிட்டு 2022இல் வேறு அமைப்பைக் கொண்டுவந்தார்கள்.

நாம் சிரிக்க முடியாது. ஐஏஎஸ், ஐஐடி, ஐஐஎம் என்று நாமும் அதே பழக்கத்தில் ஊறியவர்கள்தான். டாடா குழுமம் தன் நிர்வாகப் பணிக்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறையை 1956இலேயே ஆரம்பித்தது. நடுத்தரத் தொழிற்சாலைகள் கேம்பஸில் பத்து ட்ரெய்னி எஞ்சினியர்களை எடுப்பதும் அதன் சின்ன வடிவம். இது முழுக்கத் தப்பு என்றும் சொல்லமாட்டேன். இந்துஸ்தான் லீவர் 1970களின் நடுவிலிருந்து தன் மேலாண்மைப் பயிற்சியாளர்களை உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா மாவட்டக் கிராமங்களில் சில வாரம் தங்கவைத்தது. படித்த பையன் கிராமத்து வீட்டில் படுத்து எழுந்து, பால் கறப்பவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் அலுவலகத்துக்கு வந்தான். தேர்வில் ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பைக் குறைக்க ஒரு நிறுவனம் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. கேம்பஸ் ஆட்களை எடுப்பதானால் இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும். முதல் ஒரு வருடம் ஷிஃப்டில், அதே யூனிஃபார்மில், அதே கேன்டீனில்.

ஜப்பானிய வழி

சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவுக்கு 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பானில் கொடுக்கப்படும் டெமிங் விருது கிடைத்தது. இந்தியாவில் அதுவே முதல். 2002இல் டிவிஎஸ் மோட்டார், 2003இல் ராணே பிரேக் லைனிங் என்று தமிழ்நாட்டு நிறுவனங்கள் வரிசையாக வாங்கின. ஜப்பானுக்கு வெளியே இந்த முறை இவ்வளவு நன்றாக வேர்பிடித்த இடங்கள் அதிகமில்லை. ஏன் இங்கே பிடித்தது என்பதில்தான் நம் முடிவுக்கு உதவும் விஷயம் இருக்கிறது.

காலை எட்டேகால் மணி மீட்டிங்கை நினைத்துப் பாருங்கள். மெஷின் பக்கத்திலேயே, நின்றுகொண்டே. முதல் நாள் ரிஜெக்ஷன் ஆன பாகங்கள் சிவப்புத் தட்டில் இருக்கின்றன. ஜப்பானிய ஆலோசகர் ஒன்றை எடுத்து, ஓரத்தில் பர், அதாவது உலோகப் பிசிறு, இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். ஏன் என்று கேட்கிறார். டூல் தேய்ந்துவிட்டது என்கிறார் சூப்பர்வைசர். ஏன் தேய்ந்தது? கூலன்ட் சரியாக வரவில்லை. ஏன் வரவில்லை? சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. ஆலோசகருக்குக் காரணம் தெரியும். அது அவர் முகத்திலேயே தெரிகிறது. ஆனால் சொல்ல மாட்டார். "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்பார். இருபது நிமிடம் கழித்து, ஃபில்டரில் உலோகச் சீவல் அடைத்திருக்கிறது என்று கையெல்லாம் எண்ணெயோடு அந்த சூப்பர்வைசர் திரும்பி வரும்போது தலையை மட்டும் அசைப்பார்.

லோரானின் 78 விழுக்காட்டை இங்கே சேர்த்துப் பாருங்கள். பதில் பெரியவர் கையில் இருக்க வேண்டும் என்று ஜப்பானியர்களும் நம்மைப்போல எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் மரபில் நல்ல சீனியர் பதிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, இளையவரைத் தேடிப் போக வைக்கிறார். சீனியரின் மரியாதை குறையவில்லை, இளையவரும் வளர்கிறார். நம் சூப்பர்வைசருக்கு இது புரிகிறது, ஏனென்றால் இது வாத்தியாரும் மாணவனும் உள்ள உறவு. எல்லோரும் சமம் என்று பாசாங்கு செய்யச் சொல்லவில்லை. ஃபீட்பேக்கும் ஆளைப் பற்றி வருவதில்லை, தட்டில் கிடக்கும் பாகத்தைப் பற்றி வருகிறது. "நீங்கள் கோபக்காரர்" என்று நாலு பேர் முன்னால் கேட்க மாட்டாத மனிதர் "இந்த பர் ஏன் வந்தது?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்டுக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் ஜப்பானிய முறை என்று சொல்வதில் பாதி அமெரிக்காவில் பிறந்தது. டெமிங் அமெரிக்கர், 1950இல் ஜப்பானில் வகுப்பெடுத்தார். சூப்பர்வைசர் எப்படிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற நான்கு படி முறையும் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவின் தொழிற்சாலைப் பயிற்சித் திட்டத்திலிருந்து போனது: தயார்செய், செய்துகாட்டு, செய்யவைத்துப் பார், பின்தொடர். வேலையாள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்றுநர் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் வாசகம். போர் முடிந்ததும் அமெரிக்கா அதைக் கைவிட்டது, ஜப்பான் பிடித்துக்கொண்டது. அப்புறம் 1984இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், இரண்டு வருடம் முன் மூடிய ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையை டொயோட்டா கூட்டாகத் திறந்தது. பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையே வேலைக்கு எடுத்து, நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானின் டகாவோகா தொழிற்சாலைக்கு அனுப்பிப் பழக்கியது. வேலைக்கு வராமல் இருப்பதிலும் தகராறிலும் பெயர் பெற்ற அதே ஆட்கள் நல்ல தரத்தில் கார் எடுத்தார்கள். கலாச்சாரம் தலையெழுத்து என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பழக்கம் மாறும், யார் எப்படிப் பழக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து.

நம் நாட்டிலும் 2007இல் பேராசிரியர் ஷோஜி ஷிபாவின் வழிகாட்டலில், ஜப்பான் அரசின் உதவியோடு, ஐஐடி சென்னை, ஐஐடி கான்பூர், ஐஐஎம் கல்கத்தா ஆகியவை சேர்ந்து உற்பத்தித் துறை மேலாளர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தின. அதில் வகுப்பறை நேரத்துக்கு நிகராகத் தொழிற்சாலைத் தளத்தில் இருக்கும் நேரத்துக்கும் மதிப்பு இருந்தது. 2012இல் ஷிபாவுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஜப்பானில் இந்தப் பொறுமை சாத்தியமானதற்கு, சேர்ந்த கம்பெனியிலேயே ஓய்வு வரை இருக்கும் வழக்கம் காரணம். பத்து வருடம் கழித்துப் பலன் கிடைக்கும் பயிற்சியை அங்கே தைரியமாகச் செய்யலாம். இங்கே டிப்ளமோ எஞ்சினியர் மூன்றாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய்விடுவார். போகக்கூடாது என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. எனவே பயிற்சியைப் பதினெட்டு மாதம், இரண்டு வருடம் என்ற துண்டுகளாக வைத்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பொறுப்பும் சம்பளமும் கூடுவதுபோல் கட்டியாக வேண்டும். இதைச் செய்யாமல், வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறையான ஃபைவ் எஸ்ஸின் போர்டு மட்டும் மாட்டியவர்கள், அடுத்த கம்பெனிக்குத்தான் ஆள் தயாரித்துக் கொடுத்தார்கள்.

நம் சொந்த வழி

பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜே.பி.பி. சின்ஹா 1980இல் இந்தியத் தலைமைக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். இங்கே நன்றாக வேலை வாங்கும் மேலாளர் முதலில் அக்கறை காட்டுகிறார். ஆனால் அந்த அக்கறையை வேலை செய்பவருக்குத்தான் காட்டுகிறார். நெருக்கமாக வழிகாட்டுகிறார். இளையவர் தேறத் தேறக் கையை விடுகிறார், கடைசியில் கலந்து பேசி முடிவெடுக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறார். எடுத்த எடுப்பில் "நீயே முடிவெடு" என்று விட்டால் அதைச் சுதந்திரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கைவிட்டதாக நினைப்பார்கள் என்பதே அவர் வாதம்.

இதைப் படித்தவுடன் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் உள்ள ஒரு அண்ணன் நினைவுக்கு வருவார். கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிக் கொடுப்பவர், ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பவர், மறுநாள் தப்பு நடந்தால் கண்டிப்பவர். "அண்ணே சொன்னா சரியா இருக்கும்" என்று பையன்கள் கேட்பார்கள். இந்த உறவு எந்த நாட்டு ஆலோசகராலும் விலைக்குத் தர முடியாத முதலீடு. மேலாளரை வளர்க்கும் எந்தத் திட்டமும் இதன்மேல் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்த அண்ணன் யாருக்கு அண்ணன்? இதைக் கேட்காமல் "நம் பண்பாடு" என்று பெருமைப்படுவது தப்பு. அக்கறை ஊர்க்காரனுக்கு, உறவுக்காரனுக்கு, சாதிக்காரனுக்கு என்று சுருங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையனுக்கு அண்ணன் கிடையாது, "ஏய் பாய்" மட்டும்தான். பெண்களுக்கு இன்னும் மோசம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். லைனில் நிற்பவர்கள் பெண்கள், லைனைப் பார்த்துக்கொள்பவர் ஆண் என்ற அமைப்பு மட்டும் மாறவில்லை. காரணங்களில் ஒன்று இந்தச் சொந்த வழியிலேயே இருக்கிறது. சீனியர் இளையவருக்கு நிஜமாகச் சொல்லிக்கொடுப்பது எங்கே? ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில், பைக்கில் ஒன்றாகப் போகும்போது, நைட் ஷிஃப்டில் பிரேக்டவுன் ஆகும்போது. கம்பெனி பஸ் ஐந்தரைக்குக் கிளம்பினால் அதில் ஏறியாக வேண்டிய பெண் எஞ்சினியருக்கு அந்த வகுப்பு கிடைப்பதே இல்லை. எந்த கஸ்டமரிடம் எப்படிப் பேசினால் அளவு கொஞ்சம் மாறிய பாகத்தை ஏற்றுக்கொள்ளும் அனுமதி (டெவியேஷன்) கிடைக்கும், எந்த மேலதிகாரியிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறுகிறது. நாலு வருடம் கழித்து "அவங்களுக்கு எக்ஸ்போஷர் பத்தலை" என்று அப்ரைசலில் எழுதுகிறார்கள்.

ஜப்பானிய வழியை இதோடு சேர்க்கச் சொல்வதற்கு எனக்கு முக்கியமான காரணம் இதுதான். டீக்கடையில் நடக்கும் சொல்லிக்கொடுத்தலை அது காலை எட்டேகால் மணிக்கு, மெஷின் பக்கத்தில், எல்லோர் கண்முன்னாலும் கொண்டுவருகிறது. அங்கே யார் நின்றாலும் கேள்வி அவருக்கும் வரும்.

பணத்தை எங்கே போடலாம்

நானாக இருந்தால் பாதிக்கு மேல் சீனியர்களுக்கே ஒதுக்குவேன். பிளான்ட் ஹெட்டும் அவருக்கு அடுத்த நாலைந்து பேரும் அந்த நான்கு படிக் கற்றுக்கொடுத்தலை முறையாகப் பழக வேண்டும். வாரத்தில் அரை நாள் லைன் பொறுப்பிலிருந்து அவர்களை விடுவிக்க வேண்டும். அந்த நேரத்துக்கான மாற்று ஆளின் சம்பளமும் பயிற்சிச் செலவுதான். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு இளையவர்கள், அதில் ஒருவர் தன் ஊரும் உறவும் இல்லாதவர், பாதிப் பேராவது பெண்கள். யாரை வளர்த்துவிட்டார் என்பது அந்தச் சீனியரின் அப்ரைசலில் வர வேண்டும். இளையவருக்குப் பதிலைச் சொல்லிவிடாமல் பொறுத்திருப்பதுதான் இவர்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். டெஸ்பாட்ச் நேரம் நெருங்கும்போது எந்த சீனியரும் "நகரு, நானே செய்கிறேன்" என்றுதான் சொல்வார். அதனால் டெஸ்பாட்ச் நெருக்கடி இல்லாத ஒரு பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

கால்வாசி, அமெரிக்கர்கள் கண்டதுபோல, கைக்கு மீறிய வேலைக்கு: புதிய லைன் போடுவது, நஷ்டத்தில் ஓடும் ஷிஃப்டை எடுப்பது, கஸ்டமர் புகாரை நேரில் போய் முடிப்பது. புரொடக்ஷன் ஆளைக் குவாலிட்டியில் ஒரு வருடம் வைப்பதும் இதில் சேரும். ஐடிஐ முடித்தவரில் ஒருவரையாவது இந்த வரிசையில் சேர்க்காமல் விடக்கூடாது.

மீதியை வெளியிலிருந்து வாங்கும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். 360 டிகிரி வேண்டுமானால் மூன்றாவது வருடத்தில், அப்ரைசலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், முதலில் பிளான்ட் ஹெட்டுக்கே எடுத்து, அவர் அதைத் தன் ஆட்கள் முன்னால் வாசித்துக் காட்டிய பிறகு மற்றவர்களுக்கு. பயிற்சி விற்க வருபவரிடம் எத்தனை மணி நேரம் எங்கள் லைனில் நிற்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவருக்கு அந்த ஆர்டரைக் கொடுக்க வேண்டாம்.

எந்தச் சூழலில் என் பதில் மாறும்? சாஃப்ட்வேர் நிறுவனமாக இருந்தால், பல நாட்டு டீமோடு தினமும் வேலை செய்பவர்களாக இருந்தால், அமெரிக்க வழிக்குக் கூடுதல் பங்கு கொடுப்பேன். அவர்கள் எழுத்தில் கருத்துச் சொல்லவும் கேட்கவும் பழகியாக வேண்டும், வேலையே அப்படித்தான் நடக்கிறது.

அடுத்து வரப்போகிறவர் முதலாளியின் மகனோ மகளோ என்றால் இன்னொரு கணக்கு. அவரைச் சொந்தத் தொழிற்சாலையில் எந்தச் சீனியரும் திருத்த மாட்டார். சிவப்புத் தட்டு முன்னால் நிற்கவைத்து ஏன் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் வராது. அவர் முதல் இரண்டு வருடம் வேறு ஒருவர் கம்பெனியில், அப்பா பெயர் உதவாத இடத்தில், சாதாரண ட்ரெய்னியாக வேலை பார்த்துவிட்டு வரட்டும். வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.